தாகத்தில் பூக்கும் மரம்

லாஸ் ஏஞ்சலிஸில் ஜனவரி பிறந்ததும் சான் விசென்டே சாலையின் நடுத்திட்டைப் பார்க்க வேண்டும். வரிசையாக நிற்கும் பவள மரங்களில் பேருக்குக்கூட இலை இராது; கொம்புக்குக் கொம்பு செம்மஞ்சள் பூங்கொத்து. ஒரு காலத்தில் பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரயில்கள் ஓடிய தடம் அது. தண்டவாளம் போனபின் மரங்கள் வந்தன. 1966இல் பவள மரம் இந்நகரின் அதிகாரபூர்வ மரமானது. 1976இல் இந்த வரிசையையே வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். வந்தேறி மரத்துக்கு இவ்வளவு மரியாதை! அதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம்.

நம்மவர்களுக்கு இது அந்நிய மரமல்ல. தமிழ்நாட்டில் கல்யாண முருங்கை என்றும் யாழ்ப்பாணத்தில் முள்முருக்கு என்றும் அழைக்கும் மரத்துக்கு நெருங்கிய பங்காளி. கொம்பை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. கல்யாண வீட்டில் கன்னிக்காலாக நடுவதும் அதனால்தானே! தென்னாப்பிரிக்காவிலும் பவள மரத்தின் கொம்புகளை ஊன்றி உயிர்வேலி போடுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்டுக்குச் சராசரியாக 14 அங்குலம்தான் மழை. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். 2022 ஜூனில் தோட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் மட்டுமே தண்ணீர் என்று நகரம் கட்டுப்பாடு விதித்தது. புல்தரையைப் பெயர்த்தால் சதுர அடிக் கணக்கில் மானியமும் கிடைக்கிறது. பெயர்த்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்பவர்களுக்குப் பவள மரம் நல்ல பதில். முதல் ஒன்றிரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் காட்டி வேர்பிடிக்க வைத்துவிட்டால், பிறகு எப்போதாவது ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். பூக்கும் பருவத்துக்கு முன்னால் மண் காய்ந்து கிடந்தால் பூ இன்னும் செழிக்கும். ஆப்பிரிக்காவில் தேன்சிட்டுகள் செய்யும் வேலையை இங்கே ஓசனிச்சிட்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

இந்த மரத்தைக் கெடுப்பது வறட்சியல்ல, செல்லம். புல்வெளி நடுவே நட்டு, தெளிப்பான் வைத்து, உரமும் போட்டால் கிளைகள் மளமளவென்று நீளும். பார்க்கப் பசுமைதான். ஆனால் கட்டை மென்மையானது. நீர் ஏறிய கிளை தன் பாரத்தையே தாங்காது. காற்று பலமாக அடிக்கக்கூட வேண்டாம். முறிந்து கிடக்கும் கிளையைத் தூக்கிப் பார்த்தால், வெளிறிய உள்கட்டையில் விரல் நகம் பதியும். பருமன் மட்டும் தொடை அளவு! கீழே கார் நின்றிருந்தால் சொந்தக்காரர் பாடு திண்டாட்டம். குறைசொல்ல வேண்டுமென்றால் மரத்தைச் சொல்லிப் பயனில்லை, குழாயைத்தான் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலமாகத் தென்கலிபோர்னியாவில் இன்னொரு தொல்லை. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு நுனித்தண்டைத் துளைத்து உள்ளே புகுந்து குருத்தைக் கருக்குகிறது. வாடிய நுனிகளைப் புழுவோடு வெட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை.

இடையில் ஒரு செய்தி. பவள மரத்தின் அறிவியல் பெயரில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலாளர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆப்பிரிக்காவைச் சுட்டும் 'அஃப்ரா' என மாற்ற முடிவுசெய்தார்கள். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இதனால் திருந்துகின்றன. காலங்கடந்த வேலை, ஆனாலும் நல்ல வேலை.

இந்த மரத்தை வைக்க நினைப்பவர்கள் முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள். குடை 40 அடிக்கு மேலும் விரியும். கார் நிறுத்துமிடம், நடைபாதை, சாக்கடைக் குழாய் மூன்றையும் விட்டுத் தள்ளி நடுங்கள். கவாத்தைப் பூ முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். விதை செக்கச்செவேலென்று அழகாக இருக்கும், ஆனால் நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் உதிர்ந்ததை உடனே பெருக்கிவிடுங்கள்.