மூன்று படி

கடல் கடந்த மடல் – டொராண்டோவிலிருந்து

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

இந்த முறை மடல் தாமதம். பிப்ரவரித் தொடக்கத்தில், வாசல் நடைபாதையில் கண்ணாடியாய் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். பிளேட் வைத்துத் தைத்த டாக்டர், ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்றுவிட்டார். வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது.

உட்கார்ந்த பிறகுதான் உலகத்தில் எத்தனை படிகள் என்று கண்ணில் பட்டது. நான் பதினெட்டு வருஷமாகக் காபி குடிக்கிற கடைக்கு ஒரு படி இருக்கிறது. அரை சாண் உயரம். ஆறு வாரமும் அந்தக் கடைக்குள் நான் போகவில்லை.

இங்கே வசதி இல்லாமல் இல்லை. நிறுத்தத்துக்கு வந்ததும் பஸ், யானை மண்டியிடுவது மாதிரி பெருமூச்சு விட்டு ஒருபக்கம் தாழும். வாசலிலிருந்து ஒரு பலகை விரிந்து நடைபாதையைத் தொடும். 2025-க்குள் மாகாணத்தில் எல்லா இடமும் எல்லோரும் புழங்கும்படி ஆகவேண்டும் என்று ஒண்டாரியோ 2005-லேயே சட்டம் போட்டது. ஆனால் பனி கொட்டினால் சட்டமும் புதைந்துபோகும். பனி அள்ளுகிற வண்டி ரோட்டைத் துப்புரவாக்கி, அள்ளியதை நடைபாதைச் சரிவிலேயே குவித்துவிட்டுப் போய்விடும். அப்படி ஒரு குவியலுக்கு முன்னால், யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த ஒரு சாயங்காலம், சித்தப்பாவின் நினைப்பு வந்தது.

எனக்குத் தூரத்துச் சித்தப்பா. மூணு வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவர். கையைத் தொடையில் ஊன்றி, சாய்ந்து சாய்ந்து நடப்பார். பள்ளிக்கூடம் போனதில்லை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி ஒன்றில் பழம் பிரிக்கிற வேலை. காலையில் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். சாக்கை விரித்து உட்கார்ந்தாரென்றால், வாய் ரோட்டில் போகிறவர்களிடம் வம்பளந்துகொண்டிருக்கும், கை மட்டும் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று மூன்று குவியலுக்குப் பழத்தை எறிந்துகொண்டிருக்கும். ஒரு பழம் குவியல் மாறி விழுந்து நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் எல்லாம் மூட்டையாகிக் கேரளா லாரியில் ஏறிவிடும். “கடவுள் காலில எடுத்ததைக் கையில குடுத்திருக்கான்” என்பார் மண்டி முதலாளி. நாங்களும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, அத்தோடு எங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

அத்தோடு முடித்துக்கொள்ளாத ஒருவர் நம் பக்கத்திலேயே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் உண்டு. உங்களுக்குத் தெரிந்த கதைதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன். 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். தேர்வின் கடைசிக் கட்டத்தில் கீழே விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அதன் பிறகு அசைவு வரவும் இல்லை.

தன்னம்பிக்கைக் கதை எழுதுகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். எழுந்து நடந்தார் என்று முடிக்க வழியில்லை. அவர் ஊருக்குத் திரும்பி வந்து, 1981-இல், உலகம் முழுக்க ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடிய அந்த வருஷம், ஒரு கூரைக்கொட்டகையில் ஐந்து பிள்ளைகளை வைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ராணுவ மருத்துவமனையில் தன்னைத் தேற்றிய டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து எஸ்.சங்கரராமன் வந்து சேர்ந்தார். ஆடிட்டர், தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். நகர முடியாத இருவர் நடத்திய அந்த இடம் இன்றைக்குப் பள்ளி, தொழிற்பயிற்சி, பிசியோதெரபி என்று பெரிய வளாகம். கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

எலுமிச்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்தி நிறைந்தால் அவர் வரப்போடு மல்லுக்கு நிற்கமாட்டார். மண்வெட்டியால் ஒரு கொத்து. மடை திறந்து தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும். ராமகிருஷ்ணனுக்கு உடம்பு போட்ட வரப்பு அப்படியேதான் இருந்தது. அவர் ஐந்து பிள்ளைகள் பக்கம் மடையைத் திருப்பிவிட்டார். பாத்தியில் தேங்கியிருந்தால் வேரை அழுகவைத்திருக்கும் தண்ணீர் அது.

நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் சித்தப்பா வராமல் இருந்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்ததே இல்லை. தெருவை ஒட்டிய கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து இலை வாங்கிச் சாப்பிடுவார். “எனக்கு இங்கனதாம்ல காத்து வருது” என்பார். அது அவர் சுபாவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்கு மூன்று படி. கைப்பிடி கிடையாது.

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டேன். படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவும் கைப்பிடியும் போடச் சொன்னேன். “யாருக்குண்ணே? சித்தப்பா போயி ஒம்போது வருஷமாச்சே” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. “போட்டு வைடே” என்றேன்.

போன வாரம் என் காலில் கட்டுப் பிரித்தார்கள். மறுநாள் தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். புதுச் சிமெண்டு இன்னும் கருப்பு மாறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, அம்மா ஏறி வருகிறாள். மேலே வந்ததும் பல் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் தம்பியின் குரல் கேட்கிறது: “ரெண்டு வருஷமா முழங்கால் வலின்னு தெருவுக்கே இறங்கலண்ணே, உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா.”

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்