மதுரை போக வர

இராமநாதபுரம்
26.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதமும், நயாகரா பக்கத்தில் சைக்கிளோடு நீ நிற்கிற படமும் கிடைத்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு நாள்ல இருநூறு கிலோமீட்டருக்கு மேலயா ஓட்டினான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆளுக்குக் குறைந்தது 2,500 டாலர் திரட்டினால்தான் ஓட்டவே விடுவார்கள், அந்தப் பணம் டொரண்டோவின் பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறது என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். உன் சட்டையின் முதுகில் சின்னம்மா பெயர் இருந்ததை அவர்தான் முதலில் கவனித்தார். அதற்கு மேல் படிக்கச் சொல்லவில்லை.

சின்னம்மா நினைவாக நம் ஊரிலும் இப்படி ஒன்று நடத்தலாமா, இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். நடத்தலாம், எனக்கு முழுச் சம்மதம். ஆனால் சேரும் பணத்தில் மருத்துவமனைக்கு ஏதாவது கருவி வாங்கித் தரலாம் என்கிறாயே, அதில்தான் எனக்கு வேறு எண்ணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சின்னம்மா கதையை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் நீ அங்கே இருந்தாய். போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள்.

சின்னம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோது முற்றிய நிலை இல்லை. கரண்டு என்று நாம் சொல்கிற கதிர்வீச்சை வைத்து, கூடவே வாரம் ஒரு ஊசி மருந்து ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். மதுரையில் சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துக்கோ கரண்டுக்கோ ஒரு பைசா கேட்கவில்லை. அங்கிருந்த டாக்டர்களும் நர்சுகளும் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் கரண்டு வைப்பது ஒருநாள் வேலை இல்லை, தம்பி. திங்கள் முதல் வெள்ளி வரை வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம் கிட்டத்தட்ட இருபத்தைந்து தடவை. அதன் பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு சில தடவை. மொத்தத்தையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இடையில் விட்டு விட்டு இழுத்தால் நோய் அடங்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். படுக்கையில் ஐந்து பத்து நிமிடம் படுத்தால் அன்றைய சிகிச்சை முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட நூற்றறுபது கிலோமீட்டர் போக வேண்டும், திரும்பவும் வேண்டும். அப்போது பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரிலிருந்து புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை தீவுக்குள் ரயிலே கிடையாது. பஸ்தான். நம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி, மதுரைக்குப் போகும் பஸ்ஸில் செல்லாது.

வயிற்றுக்குக் கீழே கரண்டு வைத்தால் இரண்டாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். ஊசி மருந்து ஏற்றிய அன்று குமட்டல். அந்த உடம்போடு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி நாலு மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். வழியில் இறங்க முடியாது. பஸ்ஸில் அசிங்கப்பட்டுவிடக் கூடாதென்று சின்னம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்வந்தாள். பிறகு மதுரையில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு இருந்த சித்தப்பா கடலுக்குப் போகாததால் போன வருமானம், கடல்பாசி எடுக்கப் போகாததால் நின்ற அவளுடைய கூலி. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் திங்கட்கிழமை போகவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "அவுக காசு எதுவும் கேக்கலம்மா, போக வரத்தான் முடியல" என்றாள். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி மறுபடி கூட்டிப்போவதற்குள் மாதம் ஒன்றுக்கு மேல் ஓடிவிட்டது. மறு வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போகிற எனக்கு இது ஒரு வீட்டுக் கதை இல்லை. வாய்ப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஆறு ஏழு வாரம் கரண்டு வைப்பார்கள். அவர்களில் படகுக் கூலிக்குப் போகிறவர்கள் பாதியில் நின்றுபோவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் வெந்து சோறு இறங்காத நேரத்தில் பஸ் காசுக்கு யாரிடம் கை நீட்டுவது என்ற யோசனை வேறு. கருவியை அரசாங்கம் வாங்கும், வாங்க வேண்டியது அதன் கடமை. நாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிற பணத்தில் அப்படி ஒரு இயந்திரத்தின் மூலையைக்கூடத் தொட முடியாது. ஆனால் நம் கடற்கரையிலிருந்து போகிற ஒருத்திக்கு ஐந்து வாரம் மதுரையில் தங்க இடம், மூன்று வேளைச் சோறு, துணைக்கு வருகிறவருக்குக் கொஞ்சம் கைச்செலவு என்றால் முடியும். இந்தச் சைக்கிள் பணம் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் முடிவான எண்ணம்.

ரயிலில் சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கினால் போதும். இப்போது ரயில் மறுபடி இராமேசுவரம் வரை வருகிறது. அந்தப் படிவத்தை எடுத்துக்கொடுத்து எழுதிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தாலே பாதிச் சுமை குறையும்.

பணம் பற்றி இன்னொன்று. உன் கனடா நண்பர்கள் தரும் டாலரை நம் ஊர்ச் சங்கக் கணக்குக்கு அப்படியே அனுப்பச் சொல்லாதே. 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. அவர்கள் கொடுக்க விரும்பினால், பதிவுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு நேராகக் கொடுக்கட்டும். இங்கே சேர வேண்டியதை இங்கே இருக்கிறவர்களிடமே திரட்டுவோம்.

"நீங்க சைக்கிள் ஓட்டுறதுக்கு நாங்க ஏன் காசு தரணும்?" என்று ஊரில் கேட்பார்கள் என்று நீ பயப்படுகிறாய். கேட்க மாட்டார்கள். அப்பா சின்ன வயதில் பார்த்ததைச் சொல்வாரே, மைதானத்தில் ஒருவர் இரவும் பகலும் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றுவார், சைக்கிளிலேயே குளித்துச் சாப்பிடுவார், ஊரே கூடி அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடும். ஒருவர் தன் உடம்பை வருத்துவதைப் பார்த்ததும் கை மடியைத் தேடிப் போகிற பழக்கம் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. அந்தக் காசு யாருக்குப் போகிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

உங்கள் கனடாவின் டெரி பாக்ஸ் கேட்டதும் அவ்வளவுதானே. புற்றுநோயால் வலது காலை இழந்த பையன், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தான். நுரையீரலுக்கு நோய் பரவியதால்தான் நிறுத்தினான். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்பதே அவன் கேட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த ஜூனில் 22 வயதில் அவன் இறந்தான்.

நமக்கு அதற்கும் முந்தின வழிகாட்டி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரி 1923-இல் புற்றுநோயில் இறந்தாள். அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் இறக்கி வைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். தங்கைக்காகத் தொடங்கியது எத்தனை ஆயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது! சின்னம்மா பெயரை உன் முதுகில் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அரிச்சல்முனைக்கு அக்கரையிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 2011 ஜூலையில், இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடந்தார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த நடை. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக நடந்தார்கள், கட்டியும் முடித்தார்கள். வடக்கின் நோயாளிகள் சிகிச்சைக்காகக் கொழும்புப் பக்கம் அலைய வேண்டியிருந்தது என்பதுதான் அந்த நடைக்குக் காரணம். தூரம்தான் அங்கேயும் எதிரி.

இனி பாதை. உனக்குப் பழக்கமான சாலைதான், ஆனால் சைக்கிளில் போனால் அது வேறு சாலை. இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வரை மேடு பள்ளம் இல்லை. இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மண்டபம் போய்விடலாம். பாம்பன் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் உயர்ந்து இறங்கும், அந்த உச்சியில்தான் காற்று முழு வேகத்தில் அடிக்கும். வேடிக்கை பார்க்க வேன்களை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், கதவைச் சட்டென்று திறக்கிறார்கள். பாலத்தில் எல்லாரும் ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. இதில் நீ கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தங்கச்சிமடம் தாண்டிப் பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தில் தண்ணீருக்கு நிறுத்தலாம். இராமேசுவரத்துக்குப் பிறகு தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோயில் திருப்பம் வரை கொஞ்சமாவது நிழல் கிடைக்கும். அதற்கப்புறம் இருபுறமும் கடல், வெட்டவெளி, மணல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டரில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கச்சான் காற்றுக் காலத்தில் மணல் சாலையை மூடிவிடும், சைக்கிள் சக்கரம் புதையும். அதனால் ஆனி ஆடி வேண்டவே வேண்டாம். கார்த்திகை மார்கழியில் வாடையும் மழையும். தை கடைசிதான் சரி. பிப்ரவரி 1 தைப்பூசம், 15 சிவராத்திரி, இரண்டுக்கும் இராமேசுவரத்தில் கூட்டம் தாங்காது. நடுவில் வரும் ஞாயிறு, பிப்ரவரி 8. உலகப் புற்றுநோய் நாளான 4-ஆம் தேதியை ஒட்டியும் வருகிறது.

விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் வரும் பயணமாக இதை ஆக்கிவிடாதே. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் நிற்கிறது. அது போதும். முழுத் தூரமும் முடியாதவர்கள் பாம்பனில் சேர்ந்து இராமேசுவரத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். பெண்கள் வர வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்களே, அவர்களுடைய பேத்திகளின் காலம் இது. பாசி எடுக்கப் போகும் அக்காமார்களிடம் நான் பேசியிருக்கிறேன். அலையில் மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு எண்பது கிலோமீட்டர் ஒரு பொருட்டா?

போகும் வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதே வாரம் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய நான் பேசுகிறேன். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை, மார்பகச் சோதனை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ச் சோதனை, எல்லாம் கட்டணமில்லாமல் அங்கேயே செய்வார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் இருப்பதுதான் சிக்கல். நூறு பேர் சைக்கிளில் தெரு வழியாகப் போனால், எதற்காக என்று ஒருத்தியாவது கேட்பாள். கேட்கிறவளைக் கையோடு கூட்டிப்போக நான் இருக்கிறேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, பாம்பனில் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு தன் பொறுப்பு என்றார்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. பிப்ரவரி முதல் வாரத்துக்கு டிக்கெட் எடு. வரவு செலவை மாதாமாதம் எழுதி ஊர் பார்க்க ஒட்டிவைக்க, உன் பள்ளிக்கூடச் சேக்காளிகளில் கணக்கில் சுத்தமான இருவர் பெயரைச் சொல். காவல்துறை அனுமதிக்கு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும், அதனால் தீபாவளி முடிந்த இந்தச் சூட்டிலேயே உன் பதில் எனக்கு வர வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா