அந்த மூன்று வோல்ட்

மூன்று வோல்ட்டைக் கண்டு நாம் யாரும் பயப்படுவதில்லை. லேபில் வெறும் விரலால் தொடுவோம். செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆசாமிகளும் நம் வகுப்பில் உண்டு! நானும் அந்தக் கூட்டம்தான், 2024 டிசம்பர் 21 வரைக்கும்.

அன்று சனிக்கிழமை. நாசரேத் பக்கத்தில் எங்கள் ஊர். கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கவிட ஒரு சின்ன நட்சத்திரம் செய்துகொண்டிருந்தேன். தானாக மின்னுகிற எல்.இ.டி. இரண்டு, சி.ஆர்.2032 பட்டன் செல் ஒன்று, அவ்வளவுதான். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. டீ குடிக்க எழுந்து போய்விட்டு வந்தால் செல்லைக் காணோம். அக்கா மகன், இரண்டு வயது, மேஜைக்குக் கீழே உட்கார்ந்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தான்.

"ஏல தம்பி, பிள்ளை எதையோ முழுங்கிட்டாம்ல!" அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "வாழைப்பழம் குடுங்க, காலையில வெளிய வந்துரும்" என்றார்கள். உண்மையைச் சொன்னால் நானும் பாதி நம்பினேன். அம்மாவுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர்தான் போனில் கத்தினார்: "பேட்டரியா? ஒரு நிமிஷம்கூட வீட்ல நிக்காதீங்க, கிளம்புங்க!"

பக்கத்து வீட்டுக் காரில் ஸ்ரீவைகுண்டம், கருங்குளம், செய்துங்கநல்லூர் தாண்டி பாளையங்கோட்டை. வழியில் ஓரிடத்தில் கேரல் பவனி போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு வழி விட்டார்கள். பின் சீட்டில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் தொண்டைக்குக் கீழே, உணவுக்குழாயில் வட்டமாக நின்றது. காசு என்றால் ஒரே வட்டமாம். இது விளிம்புக்குள் இன்னொரு வளையமாகத் தெரிந்தது. டாக்டர் எனக்கு விளக்கியதை நீங்களும் கேளுங்கள், இது நம் பாடம். செல் உடைந்து கசிய வேண்டியதே இல்லை. ஈரமான சதை இரண்டு முனைகளையும் இணைத்துச் சர்க்யூட்டை முடித்துவிடுகிறது. நெகட்டிவ் பக்கத்தில் காரம் உண்டாகிறது. அது சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் விழலாம். முதல் வருஷம் மின்னாற்பகுப்புக்கு ஐந்து மார்க் வாங்கியவன் நான். அது ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் நடக்கும் என்று எழுதவில்லை.

எண்டோஸ்கோப்பி செய்து எடுக்க வேண்டும். ஆனால் தியேட்டருக்குள் ஏற்கெனவே வேறொரு குழந்தை. காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த நாற்பது நிமிடம்தான் நான் எழுத வந்தது. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை. செல்லை மேஜையில் வைத்தவன் நான், எந்த முகத்தோடு கேட்பது? உள்ளே இருந்த அந்தக் குழந்தை மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஞாயிறு பள்ளியில் கேட்ட யவீருவின் கதை ஞாபகம் வந்தது. சாகக் கிடக்கிற மகளுக்காக இயேசுவைக் கூட்டிப் போகிறான். வழியில் பன்னிரண்டு வருஷமாக நோயில் கிடந்த ஒரு பெண் வந்து தொட, இயேசு நின்றுவிடுகிறார். சின்ன வயதில் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவே பிடிக்காது. அவளால்தானே தாமதம்! அந்த வராந்தாவில்தான் யோசித்தேன், அவள் வலியும் வலிதானே? எதிர் பெஞ்சில் உள்ளே இருந்த குழந்தையின் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிள்ளைக்காக ஜெபித்தேன். அதற்கு வார்த்தை வந்தது.

அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தாள். வாய்க்குள் முனகுவது காதில் விழுந்தது. "ஆண்டவரே, என் பேரனப் பாத்துக்கோ. இந்தப் பயலையும் பாத்துக்கோ, ஒடஞ்சு போயிருக்கான்." அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். பிள்ளை பிழைப்பான் என்ற தைரியம் அப்போதும் வரவில்லை. என்ன நடந்தாலும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. முடிவு வேறு மாதிரி ஆகியிருந்தால் இதை எழுதியிருப்பேனா? தெரியாது. ஆனால் அந்த நம்பிக்கை முடிவு தெரிவதற்கு முன்னாலேயே வந்தது.

செல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கறுத்திருந்தது. "எடுத்தாச்சுன்னு முடியல, புண்ணு பின்னாலயும் ஓட்டையாகலாம். வாய்வழியா ஒண்ணும் குடுக்கக்கூடாது" என்றார் டாக்டர். இரண்டு நாள் டிரிப்ஸ்தான். தண்ணி, தண்ணி என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு வயது தாண்டிய குழந்தை பேட்டரி விழுங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுப்பது அரிப்பைக் குறைக்குமாம். அதற்காக நின்று நேரத்தைக் கடத்தக்கூடாது. டாக்டர் சொன்னார். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. என் பெட்டியில் இப்போது பழைய செல்களுக்கும் இரண்டு பக்கமும் டேப் சுற்றியிருக்கிறேன். ஹாஸ்டலில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

24-ஆம் தேதி மருந்து குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. "இனி கொஞ்சங் கொஞ்சமா ஆகாரம் குடுங்க" என்றார் டாக்டர். யவீரு வீட்டிலும் மகள் எழுந்தவுடன் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார் இயேசு. அம்மா அதைத்தான் நினைத்திருப்பாள், அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா டம்ளரை என் கையில் கொடுத்து, "நீயே குடுல" என்றாள். கஞ்சித் தண்ணீர் நாலு ஸ்பூன். குடித்துவிட்டு, "மாமா, இன்னும்" என்றான்.