விடியற்காலை ஆக்சிஜன்

செடிகொடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தருகின்றன. விலங்குகள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத் தருகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பாடம் பாதி உண்மை. செடியும் இரவு பகல் பாராமல் சுவாசிக்கிறது. ஆக்சிஜனை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வெயில் இருக்கும்போது அது ஆக்கும் ஆக்சிஜன் அதன் சொந்தச் செலவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், பகலில் மிச்சம் மட்டுமே வெளியே வருகிறது. காற்றில் ஆக்சிஜன் ஏராளமாக இருப்பதால் நிலத்தில் இந்த வரவு செலவு கண்ணுக்குப் புலப்படாது. நீரில் புலப்படும். கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் உள்ள மீன்குளங்களில் அது அன்றாட வாழ்க்கை.

கொல்கத்தாவின் சாக்கடை நீர் கால்வாய்கள் வழியாகக் கிழக்கே ஓடி, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலத்தை அடைகிறது. பேரி எனப்படும் மீன்குளங்கள், நெல்வயல்கள், காய்கறித் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்த பரப்பு அது. ஒரு காலத்தில் அங்கே உப்புநீர்தான் இருந்தது. வித்யாதரி ஆறு தூர்ந்துபோன பிறகு, நகரத்தின் கழிவுநீரை அளவாக விட்டு மீன் வளர்க்கும் முறையை அங்குள்ள மக்களே தம் அனுபவத்தால் கண்டுபிடித்து வளர்த்தார்கள். துருபஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், நகரத்தின் கழிவுநீர் கடைசியில் என்ன ஆகிறது என்று 1980களில் தேடிப் போய், இந்தக் குளங்களே சுத்திகரிப்பு நிலையமாக இயங்குவதை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார்.

குளங்கள் பெரும்பாலும் முழங்காலிலிருந்து நெஞ்சு வரைதான் ஆழம். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு வெயில் இறங்கும். கழிவை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிக் கரியமில வாயு உண்டாகிறது. நீரில் மிதக்கும் நுண்பாசிகள் அந்தக் கரியமில வாயுவையும் கழிவிலுள்ள சத்துகளையும் கொண்டு வளர்ந்து, ஆக்சிஜனை நீரில் விடுகின்றன. பல சுத்திகரிப்பு ஆலைகளில் மின்மோட்டார் வைத்துக் காற்றைச் செலுத்திச் செய்யும் வேலையை இங்கே வெயில் செய்துவிடுகிறது. பகல் முழுக்கப் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரமும் வெயிலும் சேர்ந்து குடல்நோய்க் கிருமிகள் பலவற்றைக் கொல்கின்றன.

பாசிகள் விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து பிரிந்து வருவதல்ல. அது நீரின் மூலக்கூறு உடைவதால் வருவது என்பதை 1941இல் ரூபன், கேமன் ஆகிய விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துக் காட்டினார்கள். ஆகவே உள்ளே போன வாயுவே மாறி வெளியே வருவதாக நினைப்பது தவறு.

சூரியன் சாய்ந்ததும் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. மீன், பாக்டீரியா, அடிச்சேறு, பகலெல்லாம் ஆக்சிஜன் தந்த அதே பாசி என எல்லாமே எடுக்கத் தொடங்குகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் நீர் அந்தக் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்வதோ ஏழரை மில்லிகிராம்தான். அதனால் இருப்பு விரைவாகக் கரைந்து, விடிவதற்குச் சற்றுமுன் அடிமட்டத்தைத் தொடுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ரோகு, கட்லா மீன்கள் தவிக்கும். மேல்மட்டத்து மெல்லிய நீர்ப்படலத்தில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும் என்பதால், அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மழைக்கால மூட்டத்துக்கு மறுநாள் விடியலில் இந்த ஆபத்து அதிகம். நீரின் பச்சை அளவு கடந்து கறுத்தாலும் ஆபத்துதான். பகலில் வாரி வழங்கும் பாசிக் கூட்டம் இரவில் வாரி எடுக்கவும் செய்யும். கழிவுநீரை நிறுத்த வேண்டுமா, விட வேண்டுமா என்பதை நீரின் நிறம் பார்த்து முடிவு செய்யும் மீனவரின் அறிவு, எந்த ஆய்வகக் கருவிக்கும் குறைந்ததல்ல.

செடி வெளிவிடும் ஆக்சிஜனைக் கருவியால் அளக்கும் வேலையும் இதே நகரத்தில் நடந்திருக்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் 1917 நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில், ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வெளிவிடும் ஆக்சிஜன் குமிழ்கள் தாமாகவே பதிவாகும் கருவியை அமைத்தார். வெயிலில் நீருக்குள் வைத்த ஹைட்ரில்லாத் தண்டின் வெட்டுவாயிலிருந்து குமிழ்கள் சரம் சரமாகக் கிளம்பும். மேகம் மறைத்தால் வேகம் தளரும். ஒளிச்சேர்க்கை பற்றி 1924இல் அவர் வெளியிட்ட நூலில், கோடைக்கால ஹைட்ரில்லா குளிர்காலச் செடியிலிருந்து மாறுபட்டு நடந்துகொள்வதையும், அதற்கும் மாலிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பையும் குறித்திருக்கிறார். அதன் பொருள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பிறருக்கு விளங்கியது.

இனி நிலத்துக்கு வருவோம். இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்று நம்மூரில் சொல்வார்கள். மரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. திறந்தவெளியில் அது காற்றோடு கலந்துவிடுவதால் படுத்திருப்பவருக்குத் தீங்கில்லை. முதிர்ந்த காடு உலகுக்கு ஆக்சிஜனை மிச்சமாகத் தருகிறது என்பதும் மிகைதான். உதிர்ந்த இலையும் விழுந்த மரமும் மட்கும்போது ஏறக்குறைய அவ்வளவு ஆக்சிஜனும் செலவாகிவிடுகிறது. காட்டை அழித்தால் உடனடியாக வரும் கேடு ஆக்சிஜன் தீர்ந்துபோவதல்ல, மரத்தில் அடங்கியிருந்த கரி காற்றில் ஏறுவது.

குளத்திலும் இதே விதிதான். பாசி செத்து அங்கேயே மட்கினால், அது தந்த ஆக்சிஜனையே திரும்பக் கேட்கும். மீன்கள் பாசியைத் தின்று, வலையில் ஏறி, கொல்கத்தாச் சந்தைகளுக்குப் போவதால்தான் கழிவின் ஒரு பகுதி குளத்தைவிட்டே வெளியேறுகிறது. மீன் பிடிப்பது சுத்திகரிப்பின் கடைசிக் கட்டம் என்றே சொல்லலாம்.

1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த ஈரநிலத்தின் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இது இடம்பெற்றது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. அப்படியும் குளங்களில் மண் கொட்டி நிரப்புவது ஓயவில்லை என்பது வேதனை. மேடாகிப்போன குளத்துக்கு உரிய கழிவுநீர் மறுநாளும் நகரத்திலிருந்து புறப்பட்டுத்தான் வரும். பாசியும் வெயிலும் தொடாத அந்த நீர் குல்டி ஆற்றில் போய்ச் சேரும்.