கங்காணியின் துண்டு

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். முதலாவது அமைச்சியலில் இருப்பதால், அரசனின் முகம் பார்த்து மனமறியும் அமைச்சனுக்கு உரியதாக அதை வாசித்துப் பழகிவிட்டோம். இரண்டாவதில் பெரும்பாலும் காதலன் அவள் பார்வையைப் படிக்கிறான். இருபது குறளிலும் கங்காணியின் முகத்தைக் கவனிக்கும் கூலிக்காரி இல்லை. மாமியார் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே அன்றைய பொழுதைக் கணிக்கும் மருமகளும் இல்லை. இந்த வித்தையை நாள் தவறாமல் செய்தவர்கள் அவர்கள்தான்.

என் பெரியம்மா கம்பத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வந்தவர். விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்பினால் கம்பம் மெட்டு ஏறி, எல்லை தாண்டி, இருட்டும் நேரத்தில் வீடு. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ அடியில், தரையை ஒட்டிய சரத்தில் பிடிக்கும். குனிந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். பத்தடி தள்ளி இருப்பவள்கூடக் கண்ணில் பட மாட்டாள். அதனால் பெரியம்மா காதால் கவனித்தார். பேசிக்கொண்டே எடுப்பவள் பேச்சை நிறுத்தினால், வளையல் சத்தம் சட்டென்று நின்றால், எழுந்து போய்ப் பார்ப்பார்.

கங்காணி துண்டைத் தோளில் போட்டிருந்தால் முதலாளி தோட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். தலையில் கட்டியிருந்தால் இல்லை. இல்லாத நாளில்தான் இளம்பிள்ளைகளில் ஒருத்தியைத் தனியாகக் கீழ்ச் சரிவுக்குப் போகச் சொல்வான். துண்டு தலையில் இருந்தால் பெரியம்மா முந்திக்கொள்வார்: “எனக்குக் கண்ணு மங்குதுப்பா, இந்தப் பிள்ள என்கூட வரட்டும்.” அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இதைச் சொன்னால், ‘பெண்களுக்கு இயல்பிலேயே நுண்ணுணர்வு அதிகம்’ என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் நம்பிக்கை இல்லை. முதலாளிக்குத் தொழிலாளியின் முகம் படிக்கத் தெரியாமல் இருப்பது அவர் ஆண் என்பதால் இல்லை, தேவை இல்லை என்பதால். அவரே கடன் கேட்டு வங்கி மேலாளர் முன்னால் உட்காரும்போது எவ்வளவு நுட்பமாகப் படிக்கிறார் பாருங்கள்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வரும்: தெய்வம், விலங்கு, கள்வர், தமக்கு மேலிருப்பவர். இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “எங்கம்மா யானைக்குக்கூடப் பயப்படாது மேடம், நாலாவதுக்குத்தான் பயப்படும்” என்றாள். அவளுடைய அம்மாவும் தோட்டத்துக்குப் போகிறவர். வகுப்பு சிரித்தது. ஜீப்பில் போகும் வீடுகளிலிருந்து வந்த நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை.

1997இல் விசாகா வழக்கின் தீர்ப்பும், 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பாலியல் துன்புறுத்தல் எது என்று வரையறுக்கும்போது, தொடுவதையும் பேசுவதையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. விரும்பத்தகாத, சொல் வழியல்லாத பாலியல் நடத்தையையும் சேர்த்தன. பார்வையும் சைகையும் வழியை மறித்து நிற்கும் நிற்பும் இப்படித்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தென்பட்டன. பெரியம்மா போன்றவர்கள் பல காலமாக மனதில் எழுதிவந்த கணக்குக்கு முதல்முறையாக ஒரு பேரேடு கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பேரேட்டில் தேதி வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம். முதலாளி மீதே புகார் என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். குடியிருப்பது தேனி மாவட்டம், தோட்டம் இருப்பது இடுக்கி மாவட்டம், நடுவில் மலையும் இன்னொரு மொழியும்.

பெரியம்மாவின் நினைவோ இப்படிப் போகும்: “பெரியாறு அணைச் சண்டை வந்து ஜீப்பெல்லாம் நின்னுச்சே, அதுக்கு முந்தின ஆடி. மழை விட்டிருந்துச்சு. அந்தப் பிள்ள பச்சைச் சட்டை. சோத்தப் பிசைஞ்சு வச்சுட்டுத் திங்கவே இல்ல.” அந்தச் சண்டை 2011 டிசம்பரில். அப்படியானால் அவர் சொல்வது அந்த வருடத்து ஆடி. சட்டையின் நிறம்வரை அப்படியே இருக்கிறது. தேதி மட்டும் இல்லை. விசாரணைக் குழுவின் மேசையில் இந்த நினைவுக்கு என்ன மதிப்பு தருவார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த மாணவி இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். இரவு அம்மா சொல்லச் சொல்ல, நாள்காட்டியைப் பார்த்துத் தேதி போட்டு எழுதுகிறாள். போன வாரம் என்னிடம் காட்டினாள். கடைசியாக எழுதியிருந்தது: ‘எடை போடும்போது புதுப் பிள்ளையின் கையோடு சேர்த்து வாளியைப் பிடித்தார். அது சிரித்தது. திரும்பி வரும்போது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தது.’