தம்பூன் குகைச் சித்திரங்கள்

செலாயாங்

அன்புள்ள நண்பருக்கு,

விழுப்புரத்தை அடுத்த கீழ்வாலைப் பாறைகளின் செங்காவி உருவங்களைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த நாள் முதலாக, இந்த மலேசிய நாட்டிலும் அத்தகைய சித்திரங்கள் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்த நான், சென்ற வாரம் ஈப்போவுக்குப் பிரயாணம் செய்து, அந்நகரை ஒட்டிய குவா தம்பூனைக் கண்ணாரக் கண்டுவந்தேன்.

எங்கள் பத்துமலையைப் போலவே அதுவும் சுண்ணாம்புக் குன்றுதான். ஆனால் கோயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. படியேறி நின்று அண்ணாந்து பார்த்தால், ஆள் உயரத்துக்கு மிக மேலே, வெளிறிய பாறையில், செந்நிற இரும்புக்கல்லைக் குழைத்துத் தீட்டிய மனிதர்களும் மான்களும் விநோத வடிவங்களும் தெரிகின்றன. கடல் கண்ணுக்கெட்டாத அவ்விடத்தில், கடற்பசு என்று ஆய்வாளர் கருதும் உருவமொன்றும் இருக்கிறது. கைக்கெட்டும் உயரத்திலோ, நம் காலத்து மகானுபாவர்கள் தத்தம் நாமதேயங்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் நிலவிய அவசரகாலத்தின்போது, 1959-இல், கூர்க்காப் படை அதிகாரி ரோலிங்ஸ் என்பவர் கண்டு உலகுக்கு அறிவித்த இவ்விடத்தில், 600-க்கும் மேற்பட்ட உருவங்கள் பின்னாளில் பதிவாகியுள்ளன.

ஆயினும், தீட்டியவர் யார், எக்கருத்துடன் தீட்டினர் என்று சொல்ல ஒருவரும் எஞ்சவில்லை. தென்னாப்பிரிக்கப் பக்கத்து மலோத்தி மலைகளின் மணற்கற் குகைகளில் சான் என்னும் வேட்டைக்குடி மக்கள் எழுதிய சித்திரங்களுக்கு அந்தத் துர்ப்பாக்கியம் முற்றிலும் நேரவில்லை. 1873-இல் ஜோசப் ஓர்ப்பன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, தமக்கு வழிகாட்டிய சிங் என்ற சான் இளைஞரிடமே அவற்றின் பொருளைக் கேட்டு எழுதிவைத்தமையால், ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அறிஞர்கள் அந்த மான்களிலும் மனிதர்களிலும் வேட்டையை மட்டுமன்றிச் சமயச் சடங்கையும் காண முடிந்தது. இங்கும், பேராக்கின் லெங்கோங் குகையொன்றில் பூர்வகுடியினர் கரியால் வரைந்தவற்றை 1920களில் ஐவர் எவன்ஸ் என்னும் ஆய்வாளர் குறித்துவைத்தார். வரைந்தவர்களின் சந்ததியார் இன்றும் இந்நாட்டில் வாழ்கிறார்கள்.

பாறைக்கு வேலி போடுவது அரசாங்கத்தின் காரியம். முதியவர்களிடம் அமர்ந்து கேட்பது நம் போன்றவர்களாலும் ஆகும். கோம்பாக்கிலுள்ள பூர்வகுடியினர் அருங்காட்சியகம் இங்கிருந்து தொலைவன்று. தைப்பூசத்துக்குத் தாங்கள் வரும்போது அங்கும் செல்வோம். அதற்குமுன், அந்தப் பாறைகளைப் பற்றிக் கீழ்வாலைப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது எதுவாயினும், கட்டுக்கதையென்று தள்ளாமல், அவர்கள் வாய்ச்சொல் மாறாமல் எழுதியனுப்புங்கள்.

தங்கள் அன்பன்