ஆறாத புண்

காலில் முள் தைத்தால் அன்றே ஊசி கொண்டு எடுத்துவிடுகிறோம். ஆனால் வாய்க்குள் ஒரு புண் தோன்றி, வாரங்கள் பல கடந்தும் ஆறாதிருந்தால், அதனை மட்டும் ஏனோ பொருட்படுத்துவதில்லை. பங்கு மக்களின் இல்லங்களைச் சந்தித்து வரும் நாம், இந்த அலட்சியத்திற்குக் குடும்பங்கள் கொடுக்கும் விலையைக் கண்டிருக்கிறோம். ஆதலின் இம்மாதம் இதுபற்றிச் சிறிது எழுத விழைகிறோம்.

நாம் முன்பு பணியாற்றிய சிற்றூரில் நடவு வேலைக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர் இருந்தார். பசி தெரியாதிருக்கப் புகையிலையைக் கடைவாயில் அதக்கிக்கொள்வது இளமை முதலே அவருக்குப் பழக்கம். அதே கன்னத்தின் உட்புறம் புண் வந்தது. மருத்துவரிடம் செல்லுமாறு நாம் கூறியபோதெல்லாம், "சூட்டுப் புண்தானே சாமி, மணத்தக்காளிக் கீரை தின்றால் ஆறிவிடும்" என்பார். புண் வலிக்கவில்லை என்பதே அவருக்குத் துணிவு தந்தது. கழுத்தில் கட்டி தோன்றிய பின்னரே பிள்ளைகள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அதற்குள் நோய் முற்றிவிட்டது. இறுதி நாள்களில் கஞ்சியும் இறங்கவில்லை. நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற நாம், நற்கருணையின் சிறு துணுக்கை ஒரு கரண்டி நீரோடுதான் கொடுக்க முடிந்தது.

வாய்ப் புற்றுநோயின் வஞ்சகமே இதுதான்: தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, காரணமின்றி ஆடும் பல், தடித்த கட்டி ஆகியவை எச்சரிக்கைகள். காரம் பட்டால் எரிவதும், மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்க இயலாதவாறு வாய் சுருங்குவதும் பாக்கு மெல்வோரிடம் காணப்படும் அறிகுறிகள். திட்டுகள் அனைத்தும் புற்றாகிவிடுவதில்லை. எது ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவரே பிரித்தறிய முடியும்.

"நான் புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வோரும் உளர். பாக்கே புற்றுநோயை விளைவிக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் உறுதியாகக் கூறுகிறது. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது.

மற்றொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நமது பங்கின் உபதேசியார். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், இளம் பல் மருத்துவர் ஒருவர் அவரது நாவின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றைக் கண்டு, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்கிறார்களே சாமி" என்று உபதேசியார் தயங்கினார். அது வீண் அச்சம் என்று மருத்துவர் விளக்கினார். நாமும் உடன் சென்றோம். சோதனையில் தொடக்கநிலைப் புற்று எனத் தெரிந்தது. அறுவை மருத்துவம் ஒன்றே போதுமானதாயிற்று, கதிர்வீச்சு தேவைப்படவில்லை. ஆண்டுகள் ஆறு ஆகின்றன. இன்றும் அவரே சிறுவர்களுக்குச் செபங்களைக் கற்பிக்கிறார். ழகரம் மட்டும் சற்று வழுக்குகிறது.

இது ஒருவருக்குக் கிட்டிய தனி அதிர்ஷ்டமன்று. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பெரியதோர் ஆய்வு நடந்தது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதைக் கடந்தோரின் வாய்களை வெளிச்சத்தில் பார்த்தனர். ஐயமுற்றவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். 2005-இல் வெளிவந்த முடிவு என்ன? புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணும் ஒரு விளக்குமே போதுமாயின.

செலவை எண்ணி அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் மருத்துவம் இடம்பெற்றுள்ளது. மேலும், இது தொற்றுநோயன்று. நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி அவரது மனத்தைப் புண்படுத்தாதீர்கள்.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே, தலைவியரே! மாதம் ஒருமுறை கைகளைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதடுகளின் உட்புறம், ஈறு, இரு கன்னங்கள், அண்ணம், நாவின் மேலும் கீழும் ஓரங்களும் அனைத்தையும் பாருங்கள். கழுத்தையும் தடவிப் பாருங்கள். பார்வை மங்கிய முதியோர்க்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள். இடைப்பட்ட அவ்வாரத்தில் ஒவ்வொரு பங்கும் ஒரு பல் மருத்துவரை அழைத்து முகாம் நடத்தலாகாதா?

இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள். ஐயமிருப்பின் நாளைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.